இரண்டு அங்குலம் தளர்த்தவும்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை பழக்கத்தில் ஓடியது. 'அனைவரும்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன், வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். ஆகவே இங்கு நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதற்கு இப்போது பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன், முதலில் உங்கள் மேல்தான் செய்து பார்க்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். அது எதில் கொண்டுபோய் விடும் என்று சொல்லப்போவதில்லை. போன தடவை சொன்னதற்கு நீ மூன்று வாரம் போனை எடுக்கவில்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். காரணம் நீதான். போன ஞாயிற்றுக்கிழமை, "அண்ணா, நீ வாயால சொல்றதை அவ நம்பமாட்டா. இப்போ எப்படி இருக்கேன்னு ஒரு காகிதத்துல எழுதி அனுப்பு, நான் அவகிட்ட காட்டறேன்" என்றாய். அவள் என்பது என் மகள். காட்ட வேண்டியது, என் மனம் சரியாகிவிட்டது என்பதை. காட்டினால் கிடைக்கப்போவது, நான்கு மாதக் குழந்தையைப் பார்க்க எனக்கு அனுமதி. பேத்தி பிறந்த பிறகு நான் அவளைப் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை. இரண்டாவது தடவை என்ன நடந்தது என்று நம் குடும்பத்தில் அந்தக் கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். முப்பத்தொரு வருடம் ஊரில் உள்ள லிஃப்ட்டுகளை எல்லாம் சோதித்து, இது ஓடத் தகுதியானது என்று சான்றிதழ் எழுதிக்கொடுத்தவன் நான். இப்போது எனக்கு நானே ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். சோதிப்பவனும் சோதிக்கப்படுபவனும் ஒரே ஆள் என்றால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்பது எங்கள் துறை விதி. அதை நீ அவளிடம் சொல்ல வேண்டாம்.

எல்லாருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்து நியாயத்தை யாரும் முழுதாகக் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். வேலையில் எங்களுக்கு ஒரு சிவப்பு அட்டை உண்டு. உள்ளங்கை அகலம், மேலே ஓட்டை, ஓட்டையில் நூல். "பழுது. பயன்படுத்தக் கூடாது" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். கீழே காரணம், தேதி, மறு சோதனை, கையொப்பம் என்று நான்கு கோடுகள். சந்தேகம் வந்தால் போதும், கட்டிவிட வேண்டும், அப்புறம்தான் யோசிக்க வேண்டும். நான் ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, கூடவே அந்த அட்டையில் இருநூறைக் கட்டாகக் கட்டி, "வீட்டுல போரடிக்கும் சார், வெச்சுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அவர்களுக்கு அது கேலி. எனக்கு அது பென்ஷனைவிடப் பெரிய ஆறுதலாகப் போய்விட்டது. கால் ஆடும் முக்காலிக்கு ஒன்று, காஸ் குழாய்க்கு ஒன்று, குளியலறை வழுக்கும் இடத்துக்கு ஒன்று என்று மாட்டிக்கொண்டே போனேன். உன் அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு நாள் மத்தியானம் நான் தூங்கும்போது என் சட்டைப் பொத்தானில் ஒன்றைக் கட்டிவிட்டாள். காரணம் என்ற இடத்தில் 'வாய்' என்று எழுதியிருந்தது. அது தொங்குவது தெரியாமல் நான் தெருக்கோடிவரை போய்ப் பத்திரிகை வாங்கி வந்தேன்.

இப்படிப்பட்டவன்தான் பேத்தி பிறந்த இருபதாம் நாள் மகள் வீட்டுக்குப் போனேன். மரத்தொட்டில். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலை லேசாக ஆட்டினேன். இடது பக்கக் காலில் 'டக்' என்று ஒரு சத்தம். தங்கச்சி, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். திருகாணி முழுதாக இறங்காத சத்தம். மருமகனைத் தேடினேன், வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மகள் குளிக்கப் போயிருந்தாள். கை தானாகப் பைக்குள் போனது. அட்டையைத் தொட்டிலின் மேல் கம்பியில் கட்டிவிட்டு, திருப்புளி தேடிச் சமையலறைக்குப் போனேன். நான் ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மருமகனின் அம்மாவும் அவருடைய அக்காவும் குழந்தையைப் பார்க்க வந்துவிட்டார்கள். தூங்குகிற குழந்தை. அதன் முகத்துக்கு நேர் மேலே ஒரு சிவப்பு அட்டை. அதில் 'பழுது' என்று பெரிய எழுத்து. மகள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். நான் திருப்புளியும் கையுமாக நின்றேன். "என் பிள்ளை தலைக்கு மேல பழுதுன்னு எழுதிக் கட்டியிருக்கீங்களேப்பா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அம்மா இருந்தப்ப எல்லாத்தையும் சிரிச்சு சமாளிச்சாங்க. என்னால முடியலப்பா. நீங்க கிளம்புங்க. மனசு சரியானதும் வாங்க." நான் திருப்புளியைக்கூடக் கீழே வைக்காமல் கிளம்பி வந்துவிட்டேன். இப்போதும் அது இங்கேதான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கவாவது ஒரு நாள் போகலாம் என்று வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீதான் விசாரித்து, அந்த மனநல ஆலோசகர் அம்மாவிடம் என்னை அனுப்பினாய். நல்ல மனுஷி, முப்பது வயது இருக்கும், எதைச் சொன்னாலும் "ம்" என்று கேட்கிறார். முதல் நாள், "உங்க மனசுல என்ன ஓடுது, தயங்காம சொல்லுங்க" என்றார். நான் அவர் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைக் காட்டி, அது ஆடுகிற ஆட்டத்தில் மேலே கொக்கியில் ரப்பர் தேய்ந்திருக்கும், அநேகமாக இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்றேன். "சார், இது எண்ணம்தான், உண்மை இல்ல" என்றார். சரி என்று கேட்டுக்கொண்டேன். இரண்டாவது வாரம் பேசும்போது நடுநடுவே மேலே பார்த்தார். மூன்றாவது வாரம் போனபோது அவருடைய நாற்காலி ஒன்றரை அடி தள்ளிப் போட்டிருந்தது. நான்காவது வாரம் விசிறியையே காணோம், மேசையில் ஒரு சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. யாருக்கு யார் வைத்தியம் பார்க்கிறோம் என்ற சங்கடம் இரண்டு பேருக்கும் இருந்தது.

கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றார். கவனித்தேன். உள்ளே போகிறது, வெளியே வருகிறது, இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு நிறுத்தம் இருக்கிறது. நீயே சொல், அறுபத்திரண்டு வருடமாக அந்த நிறுத்தம் இருப்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் நிம்மதியாக இருந்தேன். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால் நாங்கள் அதற்கு என்ன எழுதுவோம்? ஒரு வாரம் மூச்சை எண்ணியே இளைத்துப்போனேன். அப்புறம் நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். வருகிற எண்ணத்தை எழுதி, பக்கத்தில் அதற்கு ஆதாரம், அதற்கும் பக்கத்தில் எதிர் ஆதாரம் என்று கோடு போட்டு எழுத வேண்டும். கோடு போடுவதென்றால் எனக்குக் கேட்க வேண்டுமா. "எண்ணம்: கீழ்த்தளத்துத் தையற்காரர் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விடுவார். ஆதாரம்: இதற்கு முன் ஒரு தடவை போனார். எதிர் ஆதாரம்: கட்டிடம் இன்னும் நிற்கிறது." இப்படி ஒன்பது நாளில் ஒரு நோட்டு தீர்ந்தது. ஆலோசகர் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கடைசியாக ஒரு வழி சொன்னார். கவலையைத் துரத்த வேண்டாம், அதற்கென்று தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், மற்ற நேரத்தில் வந்தால் அந்த நேரத்துக்கு வரச்சொல்லித் திருப்பி அனுப்புங்கள் என்றார். "எந்த நேரம் உங்களுக்கு வசதி?" என்று கேட்டார். நான் கண்ணைக்கூட இமைக்காமல் ஐந்து மணி என்றேன். ஏன் ஐந்து என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இந்த வழி எனக்கு ஒத்துப்போனது. முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் இருந்தவனுக்கு நேரம் ஒதுக்கி ஒருவரைக் காக்க வைப்பது கைவந்த கலை. பல் தேய்க்கும்போது ஒரு கவலை வரும், "அஞ்சு மணிக்கு வா" என்பேன். படி இறங்கும்போது ஒன்று வரும், "இப்போ முடியாது, அஞ்சு மணிக்கு" என்பேன். இதை ஒரு நாள் தையற்காரர் பார்த்துவிட்டார். படியில் என்னைத் தவிர யாரும் இல்லை. வாயில் குண்டூசியைக் கடித்தபடியே அண்ணாந்து பார்த்து, "யாரை சார் அஞ்சு மணிக்கு வரச்சொல்றீங்க?" என்றார். மறைத்தால் வேறு மாதிரி நினைப்பாரே என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்தினார். "நானும் வரலாமா சார்? என்கிட்டயும் கொஞ்சம் கிடக்கு" என்றார்.

அன்றிலிருந்து சரியாக ஐந்துக்கு மூன்று மாடி ஏறி வந்துவிடுவார். ஆளுக்கொரு நாற்காலி, நடுவில் நோட்டு. வாடிக்கையாளர் ஒருவருடைய கோட்டுக்கு இடது கை அரை அங்குலம் நீளமாகப் போய்விட்டது, அவர் இன்னும் கவனிக்கவில்லை, கவனித்துவிடுவாரோ என்று ஒரு கவலை. மச்சினன் ஒரு வாரம் தங்குவதற்கு என்று வந்து ஏழு மாதம் ஆகிறது என்று ஒரு கவலை. எல்லாவற்றுக்கும் வரிசை எண் கொடுத்து எழுதுவேன். எழுதி முடித்ததும், "இன்னொண்ணு இருக்கு சார்" என்று தொடங்குவார். அப்புறம், "பரவால்ல, நாளைக்கு சொல்றேன்" என்று எழுந்து போய்விடுவார். ஆறு வாரம் தினமும் இதே கதை. எனக்கு அந்த இன்னொன்று என்னவாக இருக்கும் என்ற கவலை புதிதாகச் சேர்ந்தது. அதற்கும் ஒரு வரிசை எண் கொடுத்தேன்.

இப்போது சொல்லப்போவது உனக்கும் தெரியாது. அண்ணி போன அன்று நீ வந்தபோது எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். படுத்தாள், போய்விட்டாள் என்று மட்டும் சொன்னேன். அது முழு விவரம் இல்லை. முழு விவரம் எழுதாமல் கையொப்பம் போடுவது தப்பு.

அன்று காலையில் காபி குடிக்கும்போது நான் வழக்கம்போலச் செய்தித்தாளைப் பார்த்து, எங்கேயோ பாலம் இடிந்ததற்கு இங்கே பயந்துகொண்டிருந்தேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு, "ஒரு நாள். ஒரே ஒரு நாள். என்ன ஆனாலும் ஐயோன்னு சொல்லாம, என்ன ஆச்சுன்னு கேட்காம இருங்க பார்க்கலாம். இருந்தீங்கன்னா உங்களுக்குப் பொன்னாடை போத்தறேன்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி என்றேன். நிஜமாகவே இருந்தேன், தங்கச்சி. பால் பொங்கி வழிந்தது, வாயைத் திறக்கவில்லை. காற்றுக்கு ஜன்னல் கதவு அடித்துக் கண்ணாடி விரிசல் விட்டது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். நடுவில் ஒரு தடவை கீழே போய்விட்டு வந்தாள், எதற்கு என்று கேட்கவில்லை, கேட்கக் கூடாதே. மூன்று மணிக்கு, "லேசா அசதியா இருக்குங்க, கொஞ்சம் படுக்கறேன்" என்றாள். அசதி என்றால் என்ன, எங்கே, எப்போதிருந்து, கை வலிக்கிறதா, வியர்க்கிறதா என்று அத்தனை கேள்வியும் தொண்டைவரை வந்தது. மற்ற நாளாக இருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். விக்கலுக்கே வரவழைத்தவன் நான். அன்று எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "படு" என்றேன். ஜெயித்துவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. கால் மேல் கால் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் செய்தித்தாள் படித்தேன். ஐந்து மணிக்குக் காபி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எழுப்பினேன். அவள் எழுந்திருக்கவில்லை.

என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் பயப்படாமல் இருந்தேன். அன்றைக்குத்தான் அது நடந்தது. இதற்கு நான் எதிர் ஆதாரம் எங்கே போய்த் தேடுவேன்? போதாததற்கு, லிஃப்ட் உள்ள கட்டிடமே வேண்டாம் என்று தேடித் தேடி மூன்றாவது மாடியில் படி ஏறும் வீடாகப் பார்த்துப் பிடித்தவனும் நான். இருபத்திரண்டு வருடம் அவள் அந்தப் படிகளைக் காய்கறிப் பையோடு ஏறினாள். டாக்டர் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அவர் படி ஏறிப் பார்க்கவில்லை. அதனால்தான், மகள் என்னைப் பயப்படாதே என்று சொல்லும்போதெல்லாம் என் காதில் வேறு மாதிரி விழுகிறது. நான் பயப்படுவதை நிறுத்தினால் அடுத்தது யார் என்று. தொட்டிலில் அட்டையைக் கட்டியது அந்தப் பயம்தான். இதை ஆலோசகர் அம்மாவிடமும் சொன்னதில்லை. மின்விசிறியைப் பற்றிச் சொன்னேனே தவிர இதைச் சொல்ல வாய் வரவில்லை.

போன வியாழக்கிழமை ஐந்து மணிக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கவலையும் வரவில்லை. காலையிலிருந்து எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன், ஒருவர்கூட வரவில்லை. காஸைப் பற்றி நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. உன் முழங்காலைப் பற்றிக்கூட நினைத்துப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே, அதுவும் உதவவில்லை. அறை அமைதியாக இருந்தது. இதுதான் எல்லாரும் சொல்கிற மன அமைதிபோலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த அமைதியில் அவள் வந்துவிட்டாள். பயமாக வரவில்லை. சும்மா, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்ன இன்னிக்கு ஆபீஸ் காலியா என்கிற மாதிரி நின்றாள். நான் இந்த ஒன்றரை வருடமாக அவளுக்காக அழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுவதற்கு நேரம் எங்கே இருந்தது, காலையிலிருந்து சாயங்காலம்வரை பயந்துகொண்டே இருந்தேனே. அவள் போன துக்கம் வாசலிலேயே நின்றிருக்கிறது, இந்தக் கவலைகள்தான் அதை உள்ளே விடாமல் கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. கதவைத் திறந்து போட்டதும் நேராக உள்ளே வந்துவிட்டது. நோட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டு அழுதேன்.

தையற்காரர் எப்போது வந்தார் என்று தெரியாது. நிமிர்ந்தபோது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் காகிதப் பொட்டலம். என்னைத் தேற்றவில்லை. "சார், அந்த இன்னொண்ணு இதுதான்" என்று பொட்டலத்தை மேசையில் வைத்தார். "ஒன்றரை வருஷமா கடையில இருக்கு. கொண்டாந்து கொடுத்தா நீங்க அழுவீங்க, கொடுக்காம இருந்தா எனக்குத் தாங்கல. இன்னிக்கு எப்படியும் நீங்களே அழுதுட்டீங்க. அதான், போய் எடுத்தாந்தேன்."

பிரித்தேன். என்னுடைய நீலக் கோடு போட்ட சட்டை. இதைத் தொலைத்துவிட்டோம் என்று வரிசை எண் முப்பத்தேழில் எழுதியிருக்கிறேன். இடுப்புப் பக்கம் பிரித்துத் தைத்திருந்தது. பொத்தான் ஓட்டையில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. "பழுது. பயன்படுத்தக் கூடாது." கீழே அவள் கையெழுத்து, எழுத்து எழுத்தாக, எங்கள் அலுவலகத்தில்கூட யாரும் அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. காரணம்: உள்ளே இருப்பவருக்கு எப்போதும் இறுக்கம். இரண்டு அங்குலம் தளர்த்தவும். தேதி: அன்றைய தேதி. மறு சோதனை: நானே பார்த்துக்கொள்கிறேன். கையொப்பம் என்ற இடத்தில், 'மேலதிகாரி'.

"அன்னிக்கு அக்கா இதைக் கொடுக்கும்போது சிரிச்ச சிரிப்பு இருக்கே சார்," என்றார் தையற்காரர். "கடைக்குள்ள வந்து உட்கார்ந்தே சிரிச்சாங்க. 'இன்னிக்கு எங்க வீட்டுக்காரருக்கு பயத்துல இருந்து லீவு. பால் பொங்குது, மனுஷன் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்படி ஒரு நாள் நான் பார்த்ததில்ல'ன்னாங்க. போகும்போது படியில நின்னு, 'நாளைக்கும் இப்படியே இருந்தார்னா உனக்கு ஸ்வீட்டு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க சார்." இரண்டு பேரும் ஐந்தரை தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். நோட்டில் அன்றைய பக்கம் காலியாகவே இருக்கிறது.

அந்த நாளை நான் அவளைக் கைவிட்ட நாள் என்று இத்தனை காலம் எழுதி வைத்திருந்தேன். அவள் கணக்கில் அது வேறு நாளாக இருந்திருக்கிறது. கீழே போனதைப் பற்றி நான் கேட்கவில்லையே என்று எத்தனை தடவை என்னை நானே திட்டியிருப்பேன், போனது எனக்காகத்தான். இதனால் எனக்கு எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால் தெரியவில்லை. அன்று மூன்று மணிக்கு நான் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்னும் வருகிறது. வந்தால் அனுப்பிவிடுவதில்லை, உட்காரச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியோடு கூடவே, கடைக்குள் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பும் இப்போது வருகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். மேற்படி நபரை, அதாவது என்னை, நேரில் சோதித்தேன். மிச்சமிருந்த நூற்று நாற்பத்தொரு அட்டைகளையும் கிழித்துப் போட்டாயிற்று. கவலைகள் கட்டுக்குள் உள்ளன. மனம் அமைதியாக உள்ளது. மேற்படி நபர் குழந்தை உள்ள வீட்டுக்குள் செல்லத் தகுதியானவர் என்று சான்றளிக்கிறேன். இந்தப் பத்தியை மட்டும் மகளிடம் காட்டு, மேலே உள்ளதை மடித்துப் பிடித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டுச் சொல். வந்தால் ஒரு மணி நேரம்தான் இருப்பேன், தொட்டிலைத் தொடமாட்டேன், திருப்புளியை வாசலிலேயே கொடுத்துவிடுவேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். இதை வாயால் வாழ்த்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன், வழிமுறைகள் எதையும் இணைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் மேல் எப்போதும் பாசமுள்ள, இப்போது அமைதியாகவும் உள்ள,
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்து, கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். மேலே உள்ள சான்றிதழ் ரத்து. அட்டைகளைக் கிழித்தேன் என்பது உண்மை, அவள் எழுதிய ஒன்றைத் தவிர. மனம் அமைதியாக உள்ளது என்பதை எழுதும்போதே நான்கு தடவை எழுந்து போய்க் காஸைப் பார்த்தேன். அதையும் குறித்துக்கொள்.

தபால் பெட்டி அருகே நிற்கும்போது போன் வந்ததால்தான் இவ்வளவும். மகள். மூன்று மாதத்தில் முதல் தடவை. "அப்பா, வேலையா இருக்கீங்களா?" என்றாள். எனக்கு என்ன வேலை. "பாப்பா ரொம்ப நேரமா தூங்கறாப்பா" என்றாள். சரிம்மா என்றேன். "ரொம்ப நேரம்னா, ரொம்ப நேரம். மூக்குக்கிட்ட விரல் வெச்சுப் பார்த்தேன், மூச்சு வருது. அவர் ஆபீஸ் போயிட்டார். டாக்டருக்கு போன் பண்ணினா சிரிக்கறார். யார்கிட்ட சொன்னாலும் நீ உங்கப்பா மாதிரியேங்கறாங்க. பயமா இருக்குப்பா. உங்களைத் தவிர யாருக்கும் இது புரியாது" என்றாள். மணி காலை பத்தேகால். அஞ்சு மணிக்கு என்று சொல்ல வாய் எடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். பயப்படாதே, ஒண்ணும் இல்லை என்றும் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. எப்போதிருந்து தூங்குகிறாள் என்று கேட்டேன். உடம்பு சுடுகிறதா, வியர்க்கிறதா, நிறம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அன்று மூன்று மணிக்குக் கேட்காத அத்தனையும் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியாக, "எழுப்பும்மா" என்றேன். "எழுப்பவா?" "எழுப்பு. நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் குழந்தை அழுதது. என்ன அழுகை தெரியுமா, உரிமையோடு, கோபமாக, தூக்கத்தைக் கெடுத்தவர்களைச் சும்மா விடமாட்டேன் என்கிற மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

"நல்லா எழுப்பிவிட்டோம், இனி தூங்கவே மாட்டா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அப்பா, அந்தத் திருகாணி லூஸாத்தான் இருந்துச்சு. அன்னிக்கே அவர் முடுக்கிட்டார். உங்ககிட்ட சொல்லல. வாங்கப்பா. இப்பவே வாங்க."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பற்றி அவளிடம் கேட்க வேண்டாம், இந்தக் கடிதத்தைக் காட்டவும் வேண்டாம். நீலக் கோடு போட்ட அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். பயம் முன்போல அப்படியேதான் இருக்கிறது, தங்கச்சி. சட்டை மட்டும் இறுக்கவில்லை.